மிஸ்ட் ஃபில்டர் போட்ட படம் பிழையாக வந்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

இப்போது வரும் லென்ஸ்கள் மிகக் கூர்மையானவை. 85 எம்எம் லென்ஸில் பொம்பிளையின் முகத்தைக் கிட்ட எடுத்தால், நெற்றிச்சுட்டிக்குக் கீழே பவுடர் திரண்ட இடம்கூடத் தெரியும். அதைக் கொஞ்சம் இளக்கத்தான், லென்ஸுக்கு முன்னால் மாட்டும், நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் கொண்ட கண்ணாடியான கறுப்பு மிஸ்ட் ஃபில்டர். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை கல்யாணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் என்று எடுக்கிற பெடியன்கள் அநேகரின் பையில் இன்று ஒன்றாவது இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். "அண்ணா, படமெல்லாம் புகைஞ்ச மாதிரி இருக்கு, லென்ஸ் பழுதாப் போச்சா?" என்று கேட்பார்கள். லென்ஸ் பழுதானது மிகச் சில தடவைதான். திரும்பத் திரும்ப வந்த குறைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு போகும் காரணம் கடைசியில்.

## எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கமராவை மேனுவலில் வையுங்கள். ஒரே காட்சியை, ஒரே அளவீட்டில், ஃபில்டரோடு ஒன்று, கழற்றி ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். இரண்டையும் திரையில் 100 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள்.

கழற்றிய படத்திலும் குறை இருந்தால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். பிழை லென்ஸிலோ கமராவிலோ ஃபோகஸிலோ இருக்கிறது. கழற்றியதும் குறை போய்விட்டால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

ஃபில்டரில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிஃபென் பிளாக் ப்ரோ-மிஸ்ட் 1/8, 1/4, 1/2, 1 என்று ஏறிக்கொண்டு போகும். 1/8தான் மெல்லியது. மொமென்ட் சினிபுளூம் 10 வீதம், 20 வீதம் என்று வரும். கிளிமர்கிளாஸ் 1, 2, 3 என்று வரும். இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் 1/4ஐ இன்னொரு கம்பனியின் 1/4 என்று நம்பி வாங்கினால் ஏமாறலாம்.

## அறிகுறி: படம் முழுவதும் வெளிறி, கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

பக்கத்திலிருந்து கண்ணாடியில் ஒளி விழுகிறதா? மணவறையின் இரண்டு பக்கமும் வீடியோக்காரரின் லைட் நிற்கும். அது உங்கள் படத்துக்குள் வராவிட்டாலும் ஃபில்டரில் விழும். வெறும் லென்ஸ் அதைத் தாங்கிக்கொள்ளும், மிஸ்ட் ஃபில்டர் தாங்காது. திரையைப் பார்த்தபடி இடது கையை லென்ஸுக்கு மேலே குடைபோல் பிடியுங்கள், பிறகு பக்கத்தில் பிடியுங்கள். மாப்பிள்ளையின் தலைமயிர் சாம்பலிலிருந்து கறுப்புக்குத் திரும்புகிறதா? திரும்பினால் காரணம் அகப்பட்டுவிட்டது. லென்ஸின் முன்னே மாட்டும் ஒளிமறைப்பான ஹூட் போடுங்கள். ஸ்டெப்-அப் ரிங் என்ற இணைப்பு வளையம் போட்டுப் பெரிய ஃபில்டர் மாட்டியிருந்தால் லென்ஸோடு வந்த ஹூட் ஏறாது. ஃபில்டரின் முன் மரையில் திருகும் ரப்பர் ஹூட் வாங்குங்கள். அதுவும் இல்லாவிட்டால் உதவிக்கு நிற்கும் தம்பியிடம் ஒரு கறுப்பு அட்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிறல் முறைப்பாட்டில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

கண்ணாடி அழுக்கா? கல்யாண வீட்டில் கையில் சந்தனம் இருக்கும், எண்ணெய் இருக்கும், பன்னீர் தெளிப்பார்கள். வெறும் கண்ணாடியில் விரல் அடையாளம் உடனே தெரியும். மிஸ்ட் ஃபில்டரில் தெரியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே தூசி படிந்ததுபோலத்தான் இருக்கும். கறுப்புத் துணி ஒன்றை விரித்து, அதற்கு மேலே ஃபில்டரைப் பிடித்து, போன் டோர்ச்சைச் சரிவாக அடியுங்கள். ஒரே சீராகப் பரவியிருக்கும் மிகச் சிறிய புள்ளிகள் ஃபில்டரின் சொந்தப் புள்ளிகள். வட்டமாகவோ கீற்றாகவோ ஒரு பக்கம் மட்டும் மினுங்குவது அழுக்கு. முதலில் காற்றடிக்கும் பம்ப், பிறகு லென்ஸ் திரவம் ஒரு துளி விட்ட மைக்ரோஃபைபர் துணி.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. என்னோடு வேலை பழக வந்த தம்பி ஒருவர், புது ஃபில்டரைக் கையில் எடுத்ததும் "அண்ணா, சரியான தூசியா இருக்கு" என்று சேட்டு நுனியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் புள்ளிகள்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கியது. அவை துடைத்துப் போகிறவை அல்ல. தேய்த்ததில் மேற்பூச்சில் கீறல் விழுந்து, அந்த ஃபில்டர் அதற்குப் பிறகு எந்த வெளிச்சத்திலும் வெளிறிய படத்தையே தந்தது.

ஓமப் புகை. அக்கினி வளர்த்த பிறகு மண்டபத்துக்குள் புகை நிறைந்திருக்கும். புகையே ஒரு மிஸ்ட் ஃபில்டர்தான். அதற்கு மேல் நீங்களும் ஒன்று போட்டால் இரட்டிப்பாகும். ஐயர் நெய் விடத் தொடங்கியதும் நான் கழற்றிவிடுவேன், தாலி கட்டி முடித்துப் புகை அடங்கிய பிறகுதான் திரும்பப் போடுவேன். தாலி கட்டும் அந்த நிமிடம் இரண்டாம் தடவை வராது. அதை வெறும் லென்ஸில் எடுப்பதுதான் என் பழக்கம்.

எண் கூடிவிட்டதா? ஒரே ஃபில்டர் 24 எம்எம்மில் கொஞ்சமாகவும் 135 எம்எம்மில் பலமாகவும் வேலை செய்யும். லென்ஸ் நீள நீள மங்கலும் கூடும். ஒரு 1/4ஐ வாங்கி எல்லா லென்ஸுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு, 70-200இல் எடுத்த படங்கள் மட்டும் புகைந்திருக்கும். என் கணக்கு இது: 35 எம்எம்மும் அதற்குக் குறைவும் 1/4, 50 முதல் 85 வரை 1/8, அதற்கு மேல் போனால் ஒன்றும் வேண்டாம். கல்யாணத்தில் 1/2ஐ நான் தொடுவதில்லை. பாட்டுக் காட்சி எடுக்கிறவர்களுக்கு அது உதவும்.

கழற்றியும் வெளிறல் போகவில்லையா? லென்ஸைக் கமராவிலிருந்து எடுத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை நூல்போல் கிளைவிட்டு ஓடினால் அது பங்கசு, அதாவது பூஞ்சணம். பால் பூசியதுபோல் இருந்தால் உள் கண்ணாடியில் படிந்த மூட்டம். இரண்டையும் நீங்கள் திறந்து துடைக்கப் பார்க்க வேண்டாம். லென்ஸ் திருத்துகிறவரிடம் கொண்டுபோக வேண்டிய கட்டம் இது. பங்கசுவைத் தாமதிக்கவும் கூடாது. நாள் போகப் போக அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், அதற்குப் பிறகு துடைத்தாலும் தழும்பு இருக்கும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், முக்கியமாக மரைன் டிரைவ் ஓரத்து மாடி வீடுகளில் இருப்பவர்கள், லென்ஸையும் ஃபில்டரையும் தோல் பையிலும் துணிப் பையிலும் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். ஈரலிப்பை 40 முதல் 50 வீதத்தில் வைத்திருக்கும் மின்பெட்டி நல்லது. வசதியில்லை என்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெலும் போதும், ஜெலை அவ்வப்போது சூடாக்கிக் காயவைத்தால் சரி.

ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களுக்கு: எடிட்டிங்கில் கறுப்பை இறக்கலாம், மூட்டம் குறைக்கும் டீஹேஸ் கொஞ்சம் போடலாம். மெல்லிய வெளிறல் திருந்தும். விளக்கைச் சுற்றிய ஒளி போகாது. மென்மையைப் பிறகு சேர்க்க வழி உண்டு, போட்டு எடுத்த மென்மையைப் பிறகு நீக்க வழி இல்லை. ஆகவே சந்தேகம் வந்தால் மெல்லிய எண்ணைப் போடுங்கள்.

## அறிகுறி: விளக்குகளைச் சுற்றிப் பெரிய ஒளிப்பந்து

கொஞ்சம் ஒளி கசிவதற்காகத்தான் இதைப் போடுகிறோம். முகத்தின் ஓரத்தைத் தின்னும் அளவுக்கு வந்தால்தான் குறை.

மண்டபமா, வெளியா என்று முதலில் பிரியுங்கள்.

மண்டபத்தில் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் பின்னால் நிற்கும் எல்இடி திரை. ஒரு ஹோட்டலில் வரவேற்புக்குப் போயிருந்தேன். தம்பதியின் பெயர் போட்ட வெள்ளைப் பின்னணிப் படம் திரையில் நின்றது. அதற்கு முன்னே நின்ற பொம்பிளையின் தலையைச் சுற்றி ஒரே வெள்ளை, காதில் கிடந்த ஜிமிக்கிகூடக் கரைந்து போயிருந்தது. ஃபில்டரை 1/4இலிருந்து 1/8க்கு மாற்றினேன், போதவில்லை. பிறகு திரை இயக்குகிற பெடியனிடம் போய் "தம்பி, வெள்ளையை எடுத்திட்டு அரக்கு நிறத்தில ஒன்று போடலாமா? வெளிச்சத்தையும் பாதியாக் குறைச்சால் பெரிய உதவி" என்று கேட்டேன். இரண்டு நிமிட வேலை. 1/4ஐத் திரும்பப் போட்டே மிச்சப் படங்களை எடுத்தேன். அதிலிருந்து மண்டபத்துக்குள் போனதும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அடுத்தபடியாகத் திரை இயக்குகிறவரைத்தான் தேடுவேன். நேரத்தோடு மரியாதையாகக் கேட்டால் மறுக்கிறவர் குறைவு.

திரையை மாற்ற முடியாவிட்டால் நீங்கள் நகருங்கள். இரண்டு அடி பக்கமாகப் போனால் முகத்துக்குப் பின்னால் திரைக்குப் பதிலாகப் பூ அலங்காரம் வரும். அதுவும் இயலாவிட்டால் ஃபில்டரைக் கழற்றுங்கள்.

வெளியில், இரவில் என்றால் ஒளி அளவைப் பாருங்கள். பேரே ஏரிப் பக்கம் நின்று தாமரைக் கோபுரத்தைப் பின்னால் வைத்து எடுக்கும்போது, முகத்துக்கு அளவு வைத்தால் கோபுரத்தின் விளக்குகள் எரிந்து வெள்ளையாகும். எரிந்த வெள்ளைதான் பெரிதாகக் கசியும். பின்னணியை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் இறக்கி, முகத்துக்குச் சின்ன லைட் ஒன்றைக் கொடுங்கள். கோபுரத்தின் நிறமும் திரும்ப வரும், கசிவும் பாதியாகும்.

இரண்டிலும் மாறவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது கறுப்புப் புள்ளி இல்லாத வெள்ளை மிஸ்ட்டாக இருக்கலாம். வெள்ளை மிஸ்ட் கசிவையும் வெளிறலையும் சேர்த்தே கூட்டும். கறுப்பு மிஸ்ட் நிழலை ஓரளவு காப்பாற்றும். விளிம்பில் பொறித்திருப்பதை வாசித்து உறுதிப்படுத்திவிட்டு மாற்றுங்கள்.

## அறிகுறி: குத்துவிளக்கின் சுடர் படத்தில் இரண்டு இடத்தில் தெரிகிறது

ஒரு சுடர் உண்மையானது. மற்றது பச்சையாகவோ ஊதாவாகவோ, நடுப்புள்ளிக்கு எதிர்ப் பக்கத்தில், தலைகீழாக நிற்கும். கமராவை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். போலிச் சுடர் உண்மைச் சுடருக்கு எதிர்த் திசையில் ஓடினால் அது ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் பிரதிபலித்த ஒளி.

உள்ளே யூவி ஃபில்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டு, அதன் மேல் மிஸ்ட்டைத் திருகியிருக்கிறீர்களா? யூவியைக் கழற்றுங்கள். எனக்குத் தெரிந்து இதற்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. பிறகும் இருந்தால் சுடரைப் படத்தின் ஓரத்துக்கு விடாமல் நடுவுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், போலிச் சுடர் உண்மைச் சுடரின் மேலேயே விழுந்து மறையும். லென்ஸுக்கு முன்னே ஃபில்டரைத் தாங்கும் மேட் பொக்ஸ் பாவிக்கிற வீடியோக்காரர்கள் ஃபில்டரைச் சற்றுச் சரித்து மாட்டலாம். மூன்றும் சரிவராவிட்டால் பூச்சு நல்லதாக உள்ள வேறு ஃபில்டர்தான் வழி. திருத்துகிறவர் இதில் செய்ய ஒன்றும் இல்லை.

## அறிகுறி: ஃபில்டர் போட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை

படத்துக்குள் பிரகாசமான ஒன்றும் இல்லை என்றால் மாற்றம் தெரியாது. மப்பு நாளில் விகாரமகாதேவி பூங்காவின் மர நிழலில் வைத்து எடுத்தால் 1/8 இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. முகத்துக்குப் பின்னால் இலை இடுக்கில் வானம் தெரியும்படி நில்லுங்கள், அல்லது ஆளின் தோளுக்குப் பின்னால் ஒளி வையுங்கள். அகல லென்ஸ் போட்டிருந்தால் எண்ணை ஒரு படி கூட்டுங்கள். சிறிய சென்சர் கமராக்களுக்கும் அப்படித்தான், அதே காட்சிக்குக் குட்டை லென்ஸ் போடுவதால் மென்மை குறைவாகத் தெரியும்.

## அறிகுறி: மென்மை இல்லை, முகமே ஃபோகஸில் இல்லை

மென்மைக்கும் ஃபோகஸ் பிழைக்கும் வேறுபாடு கண்ணிமையில் தெரியும். பெருப்பித்துப் பாருங்கள். இமை மயிர் ஒவ்வொன்றும் பிரிந்து நின்று, அதைச் சுற்றி மெல்லிய ஒளி இருந்தால் அது ஃபில்டரின் வேலை. இமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது, அல்லது கமராவோ ஆளோ அசைந்திருக்கிறது.

தவறியிருந்தால் முதலில் ஷட்டர் வேகம். மண்டப வெளிச்சத்தில் 1/60க்குப் போய்விட்டு ஃபில்டரைக் குறை சொன்னவர்கள் பலர். அடுத்தது இருட்டு: பலமான ஃபில்டர் காட்சியின் மாறுபாட்டைக் குறைப்பதால், மங்கிய இடத்தில் ஓட்டோ ஃபோகஸ் தேடிக்கொண்டே நிற்கும். ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் மெல்லிய எண்ணுக்கு மாறுங்கள். பிடிக்காவிட்டால் லென்ஸின் தொடுமுனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக இருந்தால், அல்லது பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் எப்போதும் முகத்துக்கு முன்னே விழுந்து கமராவுக்குள்ளேயே சரிசெய்தும் திருந்தாவிட்டால், கண்ணாடி அச்சோ ஃபோகஸ் அளவீடோ விலகியிருக்கலாம். லென்ஸ் விழுந்த வரலாறு இருந்தால் சந்தேகமே வேண்டாம், திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: வானத்தில் சொறிபோல் புள்ளிகள்

காலி முகத்திடலில் மத்தியான வெயில், 16 எம்எம் லென்ஸ், எஃப் 16 என்ற சிறிய துவாரம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபில்டரின் கறுப்புப் புள்ளிகளே படத்தில் நிழலாக விழும். எஃப் 5.6க்குத் திறந்து எடுங்கள், புள்ளி கரைந்துவிடும். வெளிச்சம் கூடினால் முன்னால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று போடுங்கள், மூலை இருளாகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மிஸ்ட் ஃபில்டரைக் கழற்றி, எஃப் 16இலேயே எடுத்தும் அதே இடத்தில் அதே புள்ளி நின்றால், அது சென்சரில் இருக்கும் தூசி.

பின்னணியில் மங்கிய விளக்கு வட்டங்களுக்குள் மட்டும் பொரிபொரியாகத் தெரிந்தால் அது கறுப்பு மிஸ்ட்டின் இயல்பு. பிடிக்காதவர்கள் அந்தக் காட்சிக்கு மட்டும் கழற்றலாம்.

## அறிகுறி: இரண்டு கமராவின் படமும் ஒத்துவரவில்லை

நீங்கள் 35இலும் மற்றவர் 85இலும் நின்று, இருவரும் 1/4 போட்டிருப்பீர்கள். நீள லென்ஸ்காரருக்கு 1/8 கொடுங்கள். வெள்ளைச் சமநிலையை ஃபில்டர் மாட்டிய பிறகு வையுங்கள், மலிவான சில கண்ணாடிகள் படத்தை மஞ்சளாக்கும். ஒரே வேலைக்கு இரண்டு கம்பனி ஃபில்டர் வேண்டாம்.

## அறிகுறி: மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் ஒன்றுமே தெரியவில்லை

ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் காலி வீதிச் சூடு பட்டுப் படிந்த ஈரம். துடைத்தால் திரும்பப் படியும். வெளியே வர முன்பே கமராவைப் பைக்குள் வைத்து ஸிப்பை மூடிவிட்டு, பையோடு வெளியே கொண்டுவந்து இருபது நிமிடம் போன பிறகு மெல்ல மெல்லத் திறவுங்கள். ஃபில்டரின் உட்பக்கத்திலும் படிந்திருந்தால் கழற்றித் தனியே காயவிடுங்கள். கண்ணாடி வெதுவெதுப்பான பிறகும் லென்ஸுக்குள்ளேயே மூட்டம் நின்றால் திருத்துகிறவரிடம்.

## அறிகுறி: ஃபில்டர் கழறவில்லை

ஓரங்களை இரண்டு விரலால் அழுத்தித் திருகாதீர்கள். வட்டம் நசிந்து இன்னும் இறுகும். தட்டையான ரப்பர் பான்டை விளிம்பைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை முழுதாகப் பதித்து, அழுத்தாமல் திருப்புங்கள். அசையாவிட்டால் ஃபில்டர் கழற்றும் பிளாஸ்டிக் வளையச் சோடி, அதன் விலை சொற்பம். மரை கோணலாக ஏறியிருந்தாலோ விளிம்பு நசிந்திருந்தாலோ குறடு போடாமல் நிறுத்துங்கள். குறடு வழுக்கினால் போவது முன் கண்ணாடி. இந்தச் சிக்கல் ஒன்றுக்காகவே காந்த வளையத்தில் மாட்டும் வகையை நான் சிபாரிசு செய்வேன். ஓமப் புகை எழும்போது ஒரு நொடியில் எடுத்துவிடலாம்.

## அறிகுறி: படத்தில் குறை இல்லை, வீட்டார் "மங்கல்" என்கிறார்கள்

இதை நான் மிகவும் பொருட்படுத்துவேன். திரையில் வடிவாக இருந்த மென்மை, கடதாசியில் அச்சாகும்போது இன்னும் கொஞ்சம் மங்கும். அல்பத்துக்கு அனுப்ப முன், ஃபில்டர் போட்ட படம் ஒன்றையும் போடாத படம் ஒன்றையும் 8க்கு 12 அங்குல அளவில் அச்சடித்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அச்சிலும் நன்றாக இருந்தால், அவர்கள் தேடுவது எதை என்று கேளுங்கள். ஒரு தாயார் அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கூறைச் சேலையின் கரையையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். மகளுக்கு அவரே பார்த்துப் பார்த்து எடுத்த சேலை. சரிகையின் கட்டம் எண்ணத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை, என் ஃபில்டர் அதைக் கரைத்துவிட்டிருந்தது. கறுப்பைக் கொஞ்சம் இறக்கி, சேலையில் மட்டும் கூர்மை கூட்டி, அந்தப் பக்கங்களைத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன். இப்போது சேலை, தாலிக்கொடி, சீர்த்தட்டு, குடும்பமாக நிற்கும் படங்கள் எல்லாம் ஃபில்டர் இல்லாமல். பேரன் பேத்திகளோடு நிற்கும் அம்மம்மா, அப்பப்பாவின் தனிப் படங்களும் அப்படித்தான்.